தடம் பதிப்பது நாம் மட்டும்தானா?

பள்ளியில் இணையப் பாதுகாப்பு வகுப்பு என்றால் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் இருக்கும். போட்டோ போடாதே, தெரியாதவர்களிடம் பேசாதே, பாஸ்வேர்டைச் சொல்லாதே. எல்லாமே நல்ல அறிவுரைதான், மறுப்பதற்கில்லை. ஆனா எல்லாமே 'தே'யில் முடிவதால் பசங்க தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். "நான்தான் எதுவுமே போடுறதில்லையே, எனக்கென்ன?" என்று நினைக்கும் மாணவருக்கோ அந்தப் பட்டியலில் ஒன்றுமே இல்லை.

டிஜிட்டல் தடத்தை இரண்டாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். நாம் தெரிந்தே விட்டுச்செல்வது ஒன்று: பதிவு, படம், கமெண்ட். தெரியாமலே விழுவது இன்னொன்று: தேடிய சொற்கள், போன இடங்கள், எந்த வீடியோவில் எவ்வளவு நேரம் நின்றோம் என்பது. நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பேன். நம்மைப் பற்றி மற்றவர்கள் பதிக்கும் தடம். வகுப்பில் அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தெரியாமல் விழும் தடம்

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆய்வாளர்களுக்கு உதவட்டும் என்று சுமார் 6.5 லட்சம் பேரின் மூன்று மாதத் தேடல்களை இணையத்தில் வெளியிட்டது. மொத்தம் ஏறக்குறைய 2 கோடி தேடல்கள். பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண் மட்டும் கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லையே, அப்புறம் என்ன பயம் என்றுதான் தோன்றும். ஆனால் சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்மணியைக் கண்டுபிடித்து, அவர் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டார்கள். தன் ஊரில் கிடைக்கும் சேவைகள், தன் குடும்பப் பெயர் கொண்டவர்கள், தன் உடல் உபாதைகள் என்று அவர் தேடியவைதான் வழிகாட்டின. ஏஓஎல் அந்தக் கோப்பை உடனே நீக்கியது. அதற்குள் நகல்கள் பரவிவிட்டன.

இதை வகுப்பில் விளக்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம். கற்பனையான ஒருவரின் தேடல்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

- தென்காசி டு திருச்சி பஸ் டைம்
- பத்தாம் வகுப்பு கணக்கு முக்கிய வினாக்கள்
- முகப்பரு போக என்ன செய்யலாம்
- கபடி ஷூ விலை
- அப்பா லோன் கட்டலைன்னா பேங்க் என்ன செய்யும்

இவர் யார், என்ன வயசு, எந்தப் பக்கத்து ஆள், வீட்டில் என்ன நிலைமை என்று கேளுங்கள். பசங்களே சொல்லிவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத துண்டுகள். சேர்த்து வைத்தால் ஒரு முழு ஆள் எழுந்து நிற்கிறார். கடைசித் தேடலை அவர் நெருங்கிய நண்பனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

தெரிந்தே விடும் தடம்

2017இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், இடம் கொடுத்திருந்த குறைந்தது 10 மாணவர்களின் அனுமதியைத் திரும்பப் பெற்றது. பாலியல் வன்முறையையும் யூதப் படுகொலையையும் கேலி செய்யும் மீம்களை அவர்கள் ஒரு ஃபேஸ்புக் குழுவில் பகிர்ந்திருந்தார்கள். அது தனிப்பட்ட குழு, வெளியாட்கள் பார்க்க முடியாதது.

தண்டனை சரியா, அதிகப்படியா என்று மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விடலாம். எந்த அணி ஜெயித்தாலும் ஒரு உண்மை மிஞ்சும்: குழுவில் 50 பேர் இருந்தால் அந்த மெசேஜ் 50 போன்களில் இருக்கிறது. 'பிரைவேட்' என்ற சொல் குழுவின் செட்டிங்கைத்தான் குறிக்கிறது. உள்ளே இருப்பவர்களின் மனசுக்கு அது உத்தரவாதம் தராது.

மற்றவர்கள் பதிக்கும் தடம்

ஒரு ஆப் காண்டாக்ட் லிஸ்ட்டைக் கேட்கும்போது 'அனுமதி' என்று தட்டுகிறோம். அந்த நொடியில் போவது நம் தகவல் மட்டுமில்லை, நம் போனில் இருக்கும் அத்தனை பேரின் பெயரும் நம்பரும். தூங்கும் நண்பனைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அது அவன் தடம், நாம் பதித்தது. பெரியவர்களும் விதிவிலக்கில்லை. பிள்ளையின் மார்க் ஷீட்டை, அழுகிற வீடியோவை, பள்ளி அடையாள அட்டை தெரியும் படத்தை நாமே பகிர்கிறோம், பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமலே.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் வரும்? இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. ஆனால் தனிநபர் தன் சொந்தத் தேவைக்காகக் கையாளும் தரவு இந்தச் சட்டத்தின் வரம்பில் வராது. அந்தரங்கப் படங்களைப் பரப்புவது வேறு சட்டங்களின்படி குற்றம்தான். மற்றபடி தோழியின் ஒரு சாதாரண செல்ஃபியைக் கேட்காமல் ஃபார்வர்ட் செய்வதைத் தடுக்கப் பழக்கம் ஒன்றுதான் இருக்கிறது. பழக்கத்தைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். "இதைப் போடலாமா?" என்று படத்தில் இருப்பவரிடம் கேட்பது, வேண்டாம் என்றால் ஏன் என்று நோண்டாமல் விடுவது, வந்த ஸ்கிரீன்ஷாட் நம்மோடு நின்றுபோவது. இவ்வளவுதான் பாடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாணவியின் படம் பரவிவிட்டால் நாம் முதலில் கேட்பது, "நீ ஏன் அதை எடுத்த?" பரப்பியவனிடம் அந்தக் கேள்வி போவதே இல்லை. அடுத்த முறை அந்தப் பிள்ளை மட்டுமில்லை, பார்த்துக்கொண்டிருந்த மொத்த வகுப்பும் வாயைத் திறக்காது. மிரட்டுபவனுக்குத் தேவையானதும் அந்த மௌனம்தான். அதனால் 1098 (குழந்தைகள் உதவி எண்), 1930 (சைபர் குற்ற உதவி எண்) இரண்டையும் எழுதிப்போடும்போது, அதற்கு மேலே இன்னொரு வரியும் எழுதுங்கள்: "என்ன நடந்திருந்தாலும் வந்து சொல்லு, திட்ட மாட்டோம்." எழுதிவிட்டு, சொன்னபடி திட்டாமலும் இருக்க வேண்டும்.