திரவ நைட்ரஜனில் ஒரு வம்சம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆய்வுச் சுண்டெலிகளுக்கென்று ஒரு களஞ்சியம் இருக்கிறது. அங்கே ஆர்டர் கொடுக்கும் விஞ்ஞானிக்குப் பல நேரம் எலி வருவதில்லை. கூரியரில் ஒரு கனத்த குடுவைதான் வரும். அதன் உட்சுவர் திரவ நைட்ரஜனை உறிஞ்சி வைத்திருக்கும். நடுவில் மெல்லிய ஸ்ட்ராக்கள், அவற்றுக்குள் உறைந்துபோன சில துளி விந்து. அதிலிருந்து எலியை உண்டாக்கிக்கொள்வது வாங்கியவர் பாடு. அந்த வசதி இல்லாதவர்கள் கூடுதல் கட்டணம் கட்டினால் களஞ்சியமே கருவாக்கி, வாடகைத் தாய் எலியின் வயிற்றில் வைத்து, குட்டிகளை வளர்த்து அனுப்பும். அதற்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

டேவிஸ் தனி மையமல்ல. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 1999-ல் தொடங்கிய வலைப்பின்னலில் அதுவும் ஒன்று. மிசௌரி பல்கலைக்கழகம், சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம், மேய்ன் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகம் ஆகியவை இன்றைய மற்ற மூன்று மையங்கள்.

எலிக்கு எதற்கு வங்கி? சாக்கடையில் ஓடுகிற எலிக்கு அல்ல. ஒரே ஒரு மரபணுவை நீக்கியோ மாற்றியோ செய்த எலிக்கு. மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவரும் உருவாக்கிய உத்திகளால் 1989-ல் இப்படி மரபணு நீக்கிய முதல் எலிகள் பற்றிய தகவல் வெளிவந்தது. 2007-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் உலகம் முழுக்க ஆய்வகங்கள் ஆளுக்கொரு எலியைச் செய்து குவித்தன. அன்றைய முறையில் ஓர் எலி வம்சத்தை உருவாக்க ஓராண்டுக்கு மேல் எளிதாகப் போகும். கட்டுரை வெளியாகும், ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார், நிதி முடியும். ஆனால் கூண்டு வாடகை மட்டும் நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பெண் சுண்டெலிக்கு எட்டு, ஒன்பது மாதம் ஆனாலே ஈனும் திறன் குறைந்துவிடும் என்பதால், வம்சம் அறுபடாமல் இருக்க ஓயாமல் இனப்பெருக்கம் செய்தாக வேண்டும். ஒரு கட்டத்தில் பேராசிரியர் கணக்குப் போட்டுப் பார்த்து நிறுத்திவிடுவார். பொதுமக்கள் வரிப்பணத்தில் உருவான எலி அத்தோடு சரி.

களஞ்சியம் நுழைவது அந்த இடத்தில். எலியை உருவாக்கியவர் விண்ணப்பிக்கலாம். வேறு யாருக்காவது பயன்படுமா என்று நிபுணர்கள் பார்க்கிறார்கள். ஏற்றுக்கொண்டால், பொதுவாகக் கொடுப்பவரிடம் பணம் கேட்பதில்லை. உறையவைப்பது, கேட்பவர்களுக்கு அனுப்புவது, ஒப்பந்தத் தாள்களைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் தலையில். இதில் ஓர் அரசியலும் உண்டு. எலியைக் கையில் வைத்திருப்பவருக்குத் துறையில் ஒரு பிடி இருக்கும். கேட்டால் இணை ஆசிரியராகப் பெயர் போடச் சொல்லும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருப்பதுதான். நிறுவனங்களோ இன்னும் கறார். ஹார்வர்டில் உருவான புற்றுநோய் எலிக்கு 1988-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது; அதன் உரிமம் டூபாண்ட் கையில் இருந்தது. 1990-களில் தேசிய சுகாதார நிறுவனங்களின் தலைமையில் இருந்த ஹரால்ட் வார்மஸ் அந்த நிறுவனத்தோடு பேச்சு நடத்தித்தான், கல்வி நிறுவனங்கள் இத்தகைய எலிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வழி பிறந்தது. களஞ்சிய வலைப்பின்னல் எழுந்ததும் ஏறத்தாழ அதே சமயத்தில்தான்.

உறையவைக்கும் கலைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. டென்னசியின் ஓக் ரிட்ஜில் டேவிட் விட்டிங்கம், ஸ்டான்லி லீபோ, பீட்டர் மேசர் மூவரும் சுண்டெலிக் கருக்களை மைனஸ் 196 டிகிரிக்கும் கீழே கொண்டுபோய், திரும்ப உருக்கி, உயிருள்ள குட்டிகளைப் பெற்றதை 1972-ல் அறிவித்தார்கள். விந்து அவ்வளவு சுலபமாக மசியவில்லை. காளையின் விந்தை 1950-களிலேயே உறையவைக்க முடிந்தது. சுண்டெலியின் விந்து 1990 வரை காத்திருக்க வைத்தது. வழி சொன்னவர்கள் ஜப்பானியர்கள். விந்தை உறையவைக்க அங்கிருந்து வந்து இன்றும் புழங்கும் கரைசலில் இருப்பது இரண்டே பொருள்கள்: 18 சதவீதம் ராஃபினோஸ் என்ற சர்க்கரை, 3 சதவீதம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர். மொச்சைக்கொட்டை தின்றால் வயிறு உப்பக் காரணமான சர்க்கரைகளில் ஒன்றுதான் ராஃபினோஸ். உயர் தொழில்நுட்பம் என்று நாம் மிரளும் பல விஷயங்களின் அடியில் இப்படி ஏதோவொரு மளிகைச் சாமான் இருக்கிறது.

அதன்பிறகும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. உலக ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது 'பிளாக் 6' என்ற கறுப்புச் சுண்டெலி. மாசசூசெட்ஸின் கிரான்பியில் எலிப்பண்ணை வைத்திருந்த முன்னாள் பள்ளி ஆசிரியை அபி லாத்ராப்பின் எலிகளிலிருந்து, 1921-ல் கிளாரன்ஸ் குக் லிட்டில் உருவாக்கிய வம்சம் அது. 2002-ல் சுண்டெலியின் மரபணுத் தொகுப்பு வெளியானபோது படிக்கப்பட்டதும் அதன் டி.என்.ஏ.தான். அவ்வளவு பெருமை வாய்ந்த எலியின் விந்துக்குத்தான் உறைபனி சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. உருக்கிய பிறகு மிகச் சில முட்டைகளே கருவாகும். ஜப்பானின் குமாமோட்டோ பல்கலைக்கழகத்தில் நவோமி நககதாவும் தோரு தாகேயோவும் 2008-லும் அடுத்த சில ஆண்டுகளிலும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். உருக்கிய விந்தை மெத்தில்-பீட்டா-சைக்ளோடெக்ஸ்ட்ரின் கலந்த ஊடகத்தில் ஊறவைத்து, கருவாக்கும் ஊடகத்தில் குளூட்டாதயோன் சேர்த்ததும் வெற்றி விகிதம் பல மடங்கு கூடியது. குமாமோட்டோவிலும் ஒரு சுண்டெலிக் களஞ்சியம் உண்டு. ஒரே பெண் எலியிடமிருந்து நூறு முட்டைகள் வரை எடுக்கும் முறையும் அங்கே வந்ததுதான். இந்த நுட்பங்களை மற்ற ஆய்வகத்தாருக்குச் செய்து காட்டிப் பயிற்சியும் தருகிறார்கள். எலியை அனுப்புவதைவிட இது பெரிய சேவை என்பேன்.

உறையவைப்பதில் பணமும் இடமும் மிச்சம் என்பது எல்லோருக்கும் தெரிந்த லாபம். தெரியாத லாபம் ஒன்று உண்டு: காலம் நிற்கிறது. உயிருள்ள வம்சத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மரபணுக்கள் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கும். ஜாக்சன் ஆய்வகத்திலிருந்து பிளாக் 6 எலிகள் 1951-ல் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குப் போயின. இரண்டு இடத்திலும் தனித்தனியே பெருகின. இன்று ஜாக்சன் கிளைக்கு 'என்.என்.டி.' என்ற மரபணு வேலை செய்வதில்லை. மற்ற கிளைக்கு அது நன்றாகவே இருக்கிறது. இன்சுலின் சுரப்பில் அதற்குப் பங்கு உண்டு என்பது வெளிச்சத்துக்கு வந்தது 2000-களில்தான். இரண்டுமே பிளாக் 6 தானே என்று ஒரு கிளையில் மரபணுவை நீக்கிவிட்டு மறு கிளையோடு ஒப்பிட்டால், நீக்கிய மரபணுதான் சர்க்கரைநோய்க்குக் காரணம் என்று தப்பான முடிவுக்கு வர எல்லா வாய்ப்பும் உண்டு.

அதனால்தான் இந்த மையங்கள் எலியோடு அதன் ஜாதகத்தையும் சரிபார்க்கின்றன. சேப்பல் ஹில் மையத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள் 'மினிமுகா' என்ற மரபணுச் சில்லை உருவாக்கினார்கள். வாலின் நுனித் துணுக்கிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வைக் கொடுத்தால் எந்த வம்சம், எந்தக் கிளை, வேறு ரத்தம் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடும். எலியை வாங்கிக்கொண்டு போன ஆய்வகம் அடுத்த தலைமுறையில் எந்தக் குட்டிக்கு மாற்றிய மரபணு இருக்கிறது, எதற்கு இல்லை என்று கண்டுபிடிக்கும் செய்முறையையும் களஞ்சியம் எழுதிக் கொடுக்கிறது.

மரபணு சரியாக இருந்தாலும் போதாது. நியூயார்க்கில் டான் லிட்மனின் குழு 2009-ல் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தது. ஜாக்சன் ஆய்வகத்து பிளாக் 6 எலிகளின் குடலில் ஒருவகை நோய் எதிர்ப்புச் செல் குறைவு. டகோனிக் என்ற நிறுவனத்தின் பிளாக் 6 எலிகளிடம் அதே செல் ஏராளம். காரணம் குடலில் ஒட்டி வாழும் நூலிழை போன்ற ஒரு பாக்டீரியா. ஓரிடத்தில் அது இருந்தது, மற்ற இடத்தில் இல்லை. மிசௌரி மையம் குடல் நுண்ணுயிர்கள் மீது தனிக் கவனம் செலுத்துவது இதனால்தான். களஞ்சியத்துக்கே இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. நோய்க்கிருமி ஏறிய எலியைச் சுத்தப்படுத்த, அதன் கருவை எடுத்துக் கிருமியில்லாத தாயின் வயிற்றில் வைப்பார்கள். குட்டி சுத்தமாகப் பிறக்கும்; ஆனால் குடலில் இருப்பது வாடகைத் தாயின் நுண்ணுயிர்கள். மரபணு பழையது, வயிறு புதியது. பழைய ஆய்வின் முடிவு இந்த எலியிடம் அப்படியே திரும்ப வருமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நெருப்பும் வெள்ளமும் வேறு இருக்கின்றன. 1947 அக்டோபரில் பார் ஹார்பரில் பரவிய காட்டுத்தீ ஜாக்சன் ஆய்வகத்தைப் பொசுக்கியது. அங்கிருந்து முன்பு எலி வாங்கியிருந்த ஆய்வகங்கள் ஜோடிகளைத் திருப்பி அனுப்பியதால்தான் வம்சங்கள் பிழைத்தன. 2012-ல் சாண்டி புயலின்போது நியூயார்க் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் கடல்நீர் புகுந்து ஆயிரக்கணக்கான எலிகள் மூழ்கின. உறைந்த நகலை வேறிடத்தில் வைக்காத எந்த ஆய்வகமும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் பிழைக்கிறது.

இத்தனைக்கும் நிதி நிரந்தரமில்லை. வாங்குபவர் தரும் கட்டணம் செலவில் ஒரு பகுதிக்குத்தான் காணும். மீதிக்கு அரசு மானியம், அதையும் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். யாரும் கேட்காத வம்சங்களை ஏன் காக்கிறீர்கள் என்ற கேள்வி அப்போதெல்லாம் எழுவது இயல்பு. அதற்கு ஒரு பதில் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஸ்டான்லி பெர்ல்மனும் பால் மெக்ரேயும் சார்ஸ் நோயை ஆராய, மனிதனின் ஏ.சி.இ.2 புரதத்தைச் சுமக்கும் 'கே18' எலியை உருவாக்கி 2007-ல் வெளியிட்டார்கள். அதற்குள் சார்ஸ் அடங்கிவிட்டது, எலியைத் தேடுவாரில்லை. 2020-ன் தொடக்கத்தில் புதிய கொரோனா வைரஸும் அதே ஏ.சி.இ.2 வழியாகத்தான் செல்லுக்குள் நுழைகிறது என்று தெரிந்தது. சாதாரணச் சுண்டெலிக்கு அந்த வைரஸ் தொற்றவில்லை. உறைந்து கிடந்த கே18 விந்தைக்கொண்டு ஜாக்சன் ஆய்வகம் அவசர அவசரமாகச் சோதனைக்குழாய் முறையில் குட்டிகளை உண்டாக்கத் தொடங்கியது. உலகெங்கும் ஆய்வகங்கள் வரிசையில் நின்றன. ஆனால் சுண்டெலியின் கர்ப்பம் ஏறத்தாழ மூன்று வாரம், குட்டி பருவத்துக்கு வர ஆறேழு வாரம். பெருந்தொற்று என்பதற்காக அது ஒரு நாளும் குறையவில்லை.