பாடும்போது தலை வலிக்கிறதா?

மகாராஷ்டிர மாநிலத்தில் பண்டரிபுரம் என்ற ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கான மக்கள் அங்கே நடந்து போகிறார்கள். இவர்களுக்கு வார்க்கரிகள் என்று பெயர். ஆளந்தி என்ற ஊரிலிருந்து புறப்படுகிறவர்கள் சுமார் 250 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஏறக்குறைய மூன்று வாரம் ஆகிறது. வழி முழுவதும் பாட்டுத்தான். கையில் தாளம், கழுத்தில் மிருதங்கம், வாயில் அபங்கம்.

பாட்டு களைப்பைப் போக்கும், மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் நெடுநேரம் பாடும்போது சிலருக்குத் தலை வலிக்கும். வழிநடையில் பாடினாலும் வலிக்கலாம். ஊர்ப் பஜனையில் உட்கார்ந்து பாடினாலும் வலிக்கலாம்.

ஏன் வலிக்கிறது?

பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான்.

வெயிலில் பாடினால் உடம்பில் நீர் குறைகிறது. விரதம் இருந்தால் வயிறும் காலியாக இருக்கும். தூக்கமும் இல்லாமல் போனால் தலைவலி எளிதில் வரும். தினமும் தேநீர் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலும் தலை வலிக்கும்.

உச்சத்தில் பாடும்போது சிலர் கழுத்தை நீட்டி, தாடையை இறுக்கிக்கொள்கிறார்கள். அங்குள்ள தசைகள் களைத்து வலிக்கின்றன. அந்த வலி தலைக்கும் ஏறுகிறது. மூச்சை அடக்கி முக்கிப் பாடினால் தலைக்குள் அழுத்தம் கூடுகிறது. மங்கிய விளக்கில் பாட்டுப் புத்தகத்தை உற்றுப் படித்தாலும், ஒலிபெருக்கியின் அருகில் நின்றாலும் வலிக்கலாம். சளி, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம்.

என்ன செய்யலாம்?

பாட்டை நிறுத்துங்கள். நிழலில் உட்காருங்கள். தண்ணீரோ மோரோ கஞ்சியோ குடியுங்கள். கழுத்தையும் தோளையும் தளர்த்துங்கள். மறுபடி பாடும்போது சுருதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வயிறு விரியும்படி மூச்சை இழுத்துப் பாடுங்கள். ஒருவரே பாடாமல், அடிகளை மாற்றி மாற்றிப் பாடுங்கள்.

‘சாமி பாட்டைப் பாதியில் நிறுத்தலாமா?’ என்று சிலர் தயங்குவார்கள். நிறுத்தலாம். மற்றவர்கள் தொடர்ந்து பாடுவார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு பாடுவது பக்தி ஆகாது.

மாத்திரை போட்டுக்கொண்டு பாடுவதும் நல்ல வழி அல்ல. மாதத்தில் பத்து, பதினைந்து நாள் வலி மாத்திரை விழுங்கினால், அந்த மாத்திரையாலேயே தலைவலி வரும்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பாடும்போதெல்லாம் வலி வருகிறது. இருமினாலும், குனிந்து பாரம் தூக்கினாலும் அதே வலி வருகிறது. இப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி, நாளுக்கு நாள் கூடும் வலி, காலையில் வாந்தியோடு வரும் வலி ஆகியவற்றையும் காட்ட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலி காட்டாமலே இருக்கும். அதனால் வலி இல்லாதவர்களும் பார்த்துக்கொள்வது நல்லது.

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது:

• இடி விழுந்தது போலத் திடீரென்று கடுமையான தலைவலி.
• முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல்.
• வலிப்பு, மயக்கம், பார்வை மங்குதல்.
• காய்ச்சலோடு கழுத்து விறைத்தல்.
• வெயிலில் உடம்பு கொதித்து, புத்தி தடுமாறுதல்.
• தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி.
• கர்ப்பிணிக்கு வரும் கடுமையான தலைவலி. அதோடு முகம், கை வீக்கம்.

பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து உண்டு. அதை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ‘கண் திருஷ்டி, சுற்றிப் போடலாம்’ என்று காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அது கிடைக்காத இடத்தில் எந்த வண்டியிலாவது ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பாடுவதற்குப் பயப்பட வேண்டாம். உடம்பு சொல்வதைக் கேட்டுப் பாடுங்கள். பக்கத்தில் பாடுகிறவரின் முகத்தையும் கவனியுங்கள். அவர் பேச முடியாமல் தடுமாறினால், உதவி கேட்டுக் குரல் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊர்ப் பஜனையில் குடிதண்ணீர் வைக்கிறார்களா?
2. இரவில் அவசரம் என்றால் உங்கள் ஊரிலிருந்து மருத்துவமனைக்கு எப்படிப் போவீர்கள்?