பழுதும் விலையும்



ஒரே வண்டி, ஒரே பழுது, மூன்று பட்டறைகளில் மூன்று விலை. இஃது ஏன்? முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பாடம் நடத்திய எனக்கு, இதன் விடையை அறிய இருமுறை பணம் கட்ட வேண்டியிருந்தது. அப்பாடத்தை நீங்கள் செலவின்றிப் பெறட்டும் என்றே இன்று பேச வந்தேன்.

சேலத்தில் நான் வைத்திருக்கும் பழைய சிறு காரில் கிளட்ச் தேய்ந்து போயிற்று. எஞ்சினின் சுழற்சியைக் கியர்ப் பெட்டியோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் உறுப்பே கிளட்ச். அதன் தட்டுத் தேய்ந்தால் எஞ்சின் உறுமும். வண்டியோ நகரத் தயங்கும். கார் நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன்; 9,200 ரூபாய் என்றனர். எனக்குப் பழக்கமான தனியார் பட்டறையில் 6,800 ரூபாய். சாலையோரத்துச் சிறு பட்டறையில் 4,900 ரூபாய். கணக்கு ஆசிரியருக்கு இதற்குமேல் யோசனை எதற்கு? மூன்றனுள் சிறிய எண்ணைத் தேர்ந்தெடுத்தேன்.

ஐந்து திங்கள் சென்றன. மனைவியையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குப் புறப்பட்டேன். அம்மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 உள்ளன. பாதி வழியில் ஒரு வளைவின் ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியும் வண்டி ஏறவில்லை. பின்னால் வந்த பேருந்து ஹாரனை அலறவிட்டு நின்றது. பேத்தி அழத் தொடங்கினாள். வழிப்போக்கர் சிலர் தள்ளி ஓரம் சேர்த்திராவிடில் என்ன ஆகியிருக்குமோ!

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அந்தத் தனியார் பட்டறைக்கே போய்ச் சேர்ந்தேன். “சாலையோரத்தான் என்னை ஏமாற்றிவிட்டான்” என்று பொருமினேன். பட்டறைக்காரர் அதற்கு விடை கூறவில்லை. “ஐயா, உங்களுக்கு நேரம் இருந்தால் உட்கார்ந்து பாருங்கள்” என்று ஒரு நாற்காலியை இட்டார். அன்று நான் மாணவனானேன்.

கிளட்ச் தட்டு எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே ஒளிந்திருக்கிறது. அதை அடைய வேண்டுமானால் வண்டியை உயர்த்தி, கியர் எண்ணெயை வடித்து, சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுத் தண்டுகளைக் கழற்றி, கனத்த கியர்ப் பெட்டியையே கீழே இறக்க வேண்டும். பிறகு அத்தனையையும் முறைப்படி மீளப் பூட்ட வேண்டும். இருவர் வேலை செய்தும் பாதி நாள் சென்றது. தட்டை எடுத்துப் புதியது வைத்த நேரமோ கால் மணிதான்!

அப்போதுதான் என் கணக்கின் பிழை விளங்கிற்று. 4,900 ரூபாயில் பொருளின் விலை 2,700, கூலி 2,200. 6,800 ரூபாயில் பொருள் 4,200, கூலி 2,600. நான் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் தட்டில்தான். மலிவான தட்டாயினும் உயர்ந்த தட்டாயினும் கியர்ப் பெட்டியை இறக்கும் உழைப்பு ஒன்றே. தட்டுச் சீக்கிரம் தேய்ந்ததால் அந்த உழைப்புக்கு இருமுறை கூலி கொடுத்தேன். மொத்தச் செலவு 11,700 ரூபாய். எனக்கு மலைப்பூட்டிய 9,200 ரூபாயையும் அது மிஞ்சிவிட்டது.

விலைகள் வேறுபடும் காரணங்களை இனி வரிசைப்படுத்துவோம். முதலாவது, பொருளின் தரம். கார் நிறுவனங்கள் உறுப்புகள் எல்லாவற்றையும் தாமே செய்வதில்லை. பலவற்றை வேறு தொழிற்சாலைகளிலிருந்து வாங்குகின்றன. எனவே நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரு வகை. அதே தொழிற்சாலை தன் பெயரில் விற்பது இரண்டாம் வகை, பெரும்பாலும் சற்று மலிவு. செய்தவர் பெயரே தெரியாதது மூன்றாம் வகை.

இரண்டாவது, வண்டியின் அமைப்பு. பழைய கார்களில் முன்விளக்கு அணைந்தால் பல்பை மாற்றினால் போதும். இக்காலத்து எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் விளக்குக் கூடு முழுவதையுமே மாற்ற நேர்கிறது.

மூன்றாவது, நோயறியும் திறன். மின்னணுக் கருவிகள் மலிந்த இன்றைய வண்டிகளில் பழுதைக் காணத் தனிக் கருவியும், அது காட்டும் குறிப்பைப் பகுத்தறியும் பயிற்சியும் வேண்டும். பத்து நிமிடத்தில் பழுதைக் கண்டவருக்கு நாம் கொடுப்பது அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டுமன்று. அவர் கற்ற ஆண்டுகளுக்கும் சேர்த்தே.

நான்காவது, இடமும் வரியும். பெரிய நிலையத்தின் வாடகை, சம்பளம், கருவிகள் ஆகியவற்றின் பங்கு ஒவ்வொரு பில்லிலும் மறைந்திருக்கும். பழுது பார்க்கும் பணிக்குச் சரக்கு சேவை வரி 18 விழுக்காடு. முன்னர் உறுப்புகள் பலவற்றுக்கு 28 விழுக்காடாக இருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிப்பதிவு வேண்டாத சிறு பட்டறைகள் இவ்வரியைத் தனியே வாங்குவதில்லை.

ஐந்தாவது, போட்டி. உதிரி உறுப்புகளும் பழுது நீக்கும் குறிப்புகளும் வெளிப் பட்டறைகளுக்குத் தாராளமாகக் கிடைக்காவிடில், சொன்னதே விலையாகிவிடும். இக்குறைக்காகவே 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

ஏமாற்றுவோரே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆதலின், வேலைக்கு முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பொருளும் கூலியும் தனித்தனியே காட்டப்பட்டிருக்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேளுங்கள். மலிவுப் பொருளை ஏற்குமுன் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை மாற்ற உழைப்பு எவ்வளவு? இதை நம்பி உயிர் இருக்கிறதா? கண்ணாடி துடைக்கும் வைப்பருக்கு இரண்டும் சிறிது. மலிவானதை வாங்கிப் பார்க்கலாம். கிளட்ச்சுக்கு உழைப்பு மிகுதி. பிரேக் கட்டைக்கு உழைப்புக் குறைவேயாயினும், உயிர் அதன்மேல் நிற்கிறது. அங்கே மலிவு தேடலாகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லி முடிக்கிறேன். நான் திட்டிய அந்தச் சாலையோரத் தொழிலாளி, வேலை தொடங்குமுன், “ஐயா, நல்ல கம்பெனித் தட்டுப் போடவா, சாதாத் தட்டுப் போடவா?” என்று கேட்டிருந்தார். “சாதாவே போதும், தம்பி” என்றவன் நான். அவர் என்னை ஏமாற்றவில்லை. என் சிக்கனமே என்னை ஏமாற்றியது. பின்னொரு நாள் அவரிடம் சென்று அதை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

எனவே நண்பர்களே, விலை கேட்கும்போது “எவ்வளவு?” என்பதோடு நின்றுவிடாதீர்கள். “எதற்கு எவ்வளவு?” என்று கேளுங்கள்.