168 மணி நேரத்துக்கு மூன்று நர்ஸ்

செம்மங்குப்பம், ஆலப்பாக்கம் பக்கம் இப்போது யாரும் வீட்டில் பிள்ளை பெறுவதில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம், "உங்க சர்வீஸில் நடந்த பெரிய விஷயம் எது?" என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். 1992-93-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் பிரசவம் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. 2019-21 ஆய்வில் அது 99.6 சதவீதம். ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கையில் 2001-03-ல் 134 தாய்மார் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20-ல் 54 பேர். இந்த எண்ணுக்குப் பின்னால் உயிரோடு இருக்கும் பெண்கள் பலரின் முகம் எனக்குத் தெரியும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பேரப்பிள்ளையோடு நின்று, "நர்ஸம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

ஆகவே நான் திட்டங்களுக்கு எதிரி இல்லை. ரத்தப்போக்கு நிற்காமல், வண்டி கிடைக்காமல் போன பெண்களையும் பார்த்தவள் நான். பழைய காலம் திரும்ப வர வேண்டாம். ஆனால் ஒவ்வொரு நல்ல திட்டமும் யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வேலையை யார் தலையிலாவது இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிற்று. பெரும்பாலும் அந்தத் தலை ஒரு நர்ஸின் தலை. பாராட்டு விழாக்களில் இதைப் பேசுவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தென்னாற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்தபோது நான் வேலைக்கு வந்தேன். டென்மார்க் அரசின் டேனிடா உதவி எண்பதுகளின் தொடக்கத்தில் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் கிடைத்தது. அந்தப் பணத்தில் கிராமம் கிராமமாகத் துணை சுகாதார நிலையம் கட்டினார்கள். ஒரு பக்கம் கிளினிக், ஒரு பக்கம் நர்ஸ் குடியிருக்க வீடு. ராத்திரி கதவு தட்டினால் எழுந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் வீடு. கையில் ஒரு பை: பிளேடு, நூல், சோப்பு, பஞ்சு, ஃபீட்டாஸ்கோப். வயிற்றில் கை வைத்தால் தலை எங்கே, முதுகு எங்கே, தலை இறங்கியிருக்கிறதா என்று கை சொல்லும். ஊர் மருத்துவச்சிக்கும் எனக்கும் முதலில் ஆகாது. பிறகு ரெண்டு பேரும் சேர்ந்துதான் கேஸ் பார்த்தோம்.

2005-க்குப் பிறகு தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.) 24 மணி நேரமும் திறந்திருக்கும், அங்கே மூன்று ஸ்டாஃப் நர்ஸ் இருப்பார்கள், பிரசவம் அங்கேதான் என்றானது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2006-ல் 6,000 ரூபாய், 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று ஏறியது. பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். எங்கள் கனவு பலித்தது.

பிரசவம் ஊரைவிட்டுப் போனதும் நர்ஸும் ஊரைவிட்டுப் போனாள். ராத்திரி யாரும் கதவைத் தட்டாதபோது அந்தக் குடியிருப்பில் எதற்கு இருக்க வேண்டும்? மழைக்கு ஒழுகியது, பழுது பார்க்க ஆளில்லை. பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொருத்தராகக் கடலூருக்கு மாறி பஸ்ஸில் வந்துபோக ஆரம்பித்தோம். "நர்ஸ் ஊரில் தங்க வேண்டாம்" என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலில் தூக்கித் தூக்கிப் போடும் குழந்தையோ, நெஞ்சு வலிக்கிற தாத்தாவோ ராத்திரியில் முதலில் ஓடிவந்த கதவு அதுதான். அது சாத்தப்பட்டது பிரசவத் திட்டத்தின் விளைவு என்று எந்த ரிவியூ மீட்டிங்கிலும் யாரும் எழுதியதில்லை.

பி.எச்.சி.க்கு மூன்று நர்ஸ் என்பதைக் கேட்டபோது எல்லாரும் கைதட்டினோம். ஆளுக்கு எட்டு மணி நேரம், சரியாக வருகிறதே! ஆனால் வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்றால் வகுத்தால் ஆளுக்கு 56. வார ஓய்வு இல்லை, லீவு இல்லை, யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, யாருடைய அம்மாவும் சாகக்கூடாது. அப்படியே நடந்தாலும் ஆளுக்கு 56 மணி நேரம். ஒருத்தி மகப்பேறு விடுப்பில் போனால் மற்ற இருவருக்கும் 84. கணக்குப் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டார்கள், ஒரு வாரத்துக்குப் போடவில்லை. அவ்வளவுதான்.

என் அக்கா மகள் ஒரு பி.எச்.சி.யில் அப்படி இரவுப் பணி பார்க்கிறாள். வலியோடு ஒரு பெண் படுத்திருக்கிறாள். கருப்பை வாய் திறந்துகொண்டு வருகிறது. அரை மணிக்கு ஒரு தரம் குழந்தையின் இதயத்துடிப்பு பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் வயலில் பாம்பு கடித்தது என்று பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். "சித்தி, ரெண்டு ரூமுக்கும் நடுவில ஓடிக்கிட்டே இருந்தேன், யாரை முதலில் பார்க்கிறதுன்னே தெரியல" என்றாள். ரெண்டு பேரும் பிழைத்தார்கள். சொல்லும்போது அவள் குரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் ஒப்பந்தச் செவிலியர். ஆள் தேர்வில் சிபாரிசு இருக்கக்கூடாது என்று 2012-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைத்தார்கள். நல்ல சீர்திருத்தம். 2015-ல் அந்த வாரியம் பரீட்சை வைத்து ஏழாயிரத்துக்கும் அதிகமான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். காலியிடம் வந்தால்தான் நிரந்தரம் என்பது பிறகுதான் உறைத்தது. 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் போய் உட்கார்ந்தார்கள். உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது. ஊதியம் பிறகு 14,000 ஆகி, 2023-ல் 18,000 ஆனது. ஒரே வார்டில், ஒரே ஊசியைப் போடுகிற நிரந்தரச் செவிலியரின் சம்பளம் அதைப்போல் பல மடங்கு.

கொரோனாவில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது என்று சொன்னபோது நான் அழுதேன். முகக்கவசத் தழும்பு ஆறாத பிள்ளைகள் அவர்கள். மாற்று வேலை தருகிறோம் என்று பிறகு சொன்னார்கள், அதுவும் தற்காலிகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெண்களுக்கு மகப்பேறு உதவி வாங்கிக்கொடுக்கும் இதே செவிலியர்கள், தங்களுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. 2025-ல்தான் நீதிமன்றம் அவர்கள் பக்கம் சொன்னது.

இனி பிக்மி. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கணினியில் பதிந்து பின்தொடரும் முறை இது, 2008-ல் வந்தது. ஒரு கர்ப்பிணிகூடக் கவனிப்பில் இருந்து நழுவக்கூடாது என்பதுதான் நோக்கம். அருமையான நோக்கம். 2017 முதல் 12 இலக்க எண் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழ் என்றானதும், அந்த எண்ணைத் தருகிற நர்ஸ் ஊருக்கு ஒரு தாலுகா ஆபீஸாகிவிட்டாள். ஐயாயிரம் பேருக்கு ஒரு நர்ஸ் என்பது பழைய கணக்கு. ஐயாயிரத்தை மாற்றவில்லை, வேலையை மட்டும் கூட்டினார்கள். கர்ப்பிணி எதிரில் உட்கார்ந்திருப்பாள், நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற நேரத்தில் ஓ.டி.பி. கேட்கும்.

சிப்காட்டில் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களில் கர்ப்பிணி இருந்தால் பாடு இன்னும் அதிகம். பேச்சு புரியாது, ஆதார் வேறு ஊரில், போன் கணவனிடம், கணவன் ஷிஃப்டில். நம் பெண்களும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. வளைகாப்பு முடிந்தால் தாய் வீடு. செம்மங்குப்பத்தில் பதிவு செய்தவள் பண்ருட்டிப் பக்கம் போவாள். குறிஞ்சிப்பாடியில் பதிவு செய்தவள் இங்கே வருவாள். யார் எதை ஏற்றுவது என்று ரெண்டு நர்ஸுக்குள் சண்டை. விவரம் ஏறாவிட்டால் முத்துலட்சுமி தவணை நிற்கும். "நர்ஸம்மா, பணம் ஏறல" என்று வாசலில் நிற்பார்கள். பணம் எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரியாது. ஆனால் சந்தேகம் என்மேல் விழும். நாற்பது வருடம் பிள்ளை பிடித்த கை என்று பேர் வாங்கிய மூத்த நர்ஸ் ஒருவர், கமிஷன் கேட்கிறார் என்ற பழியோடு ஓய்வு பெற்றதைப் பார்த்தேன். அவர் ஒரு பைசா தொட்டதில்லை.

எல்லாவற்றையும்விட ஆழமாக வேலை செய்தது வேறொன்று. ஒவ்வொரு தாய் இறப்பையும் உடனே அறிவிக்க வேண்டும், வீட்டாரையும் ஊழியரையும் விசாரிக்க வேண்டும், ஆட்சியர் தலைமையில் ஆராய வேண்டும் என்ற முறையில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. இதனால்தான் ரத்த வங்கி, ஆம்புலன்ஸ், சீமாங்க் (அவசரத் தாய்-சேய் சிகிச்சை) மையம் எல்லாம் எங்கே குறைகிறது என்று தெரிந்தது. குற்றம் கண்டுபிடிக்க அல்ல, பாடம் படிக்க என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் கூட்டத்தில் எழுந்து நிற்கிறவள் நர்ஸ். "ஏன் முன்னாடியே அனுப்பலை?" என்ற கேள்வியை ஒரு தடவை எதிர்கொண்டவள், அதற்குப் பிறகு எல்லாரையும் அனுப்பிவிடுவாள். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, அனுப்பு. குட்டைப் பெண், அனுப்பு. முதல் பிரசவம், ராத்திரி ஆகப்போகிறது, அனுப்பு. தனக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்தும் அனுப்புவாள். அனுப்பினதற்காக யாரையும் யாரும் கேட்டதில்லை.

அனுப்பினால் எங்கே போவார்கள்? வடக்கே கடலூர் தலைமை ஆஸ்பத்திரி, அதையும் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர், தெற்கே சிதம்பரம். பி.எச்.சி.யின் பிரசவ மேசை காலியாக இருக்கும். பெரிய ஆஸ்பத்திரி வார்டில் இடம் இருக்காது. அங்கே கூட்டம் கூடினால் காத்திருக்க நேரமில்லை; சிசேரியன் கூடுகிறது. தமிழ்நாட்டில் 2005-06-ல் 20 சதவீதமாக இருந்த சிசேரியன் 2019-21-ல் 44.9. அரசு ஆஸ்பத்திரிகளில் மட்டும் 36. பத்து சதவீதத்துக்கு மேல் போனால் அதனால் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. காரணம் இது ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். தனியார் ஆஸ்பத்திரி, நல்ல நேரம் பார்ப்பது, வலிக்குப் பயம் எல்லாம் உண்டு. ஆனால் நர்ஸுக்கு இது என்ன என்று யோசியுங்கள். சுகப்பிரசவத் தாய் அன்றைக்கே எழுந்து நடப்பாள். அறுத்த தாய்க்கு டிரிப், சிறுநீர்க் குழாய், தையல், பக்கத்தில் பாலுக்கு அழும் பிள்ளை. ஒரு வாரம்வரை படுக்கை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் உறவுப் பெண்ணுக்குத் துணைக்கு இருந்த இரவில், நிறைந்த வார்டுக்கு ஒரே நர்ஸ். மார்பில் பிள்ளையை எப்படிப் போடுவது என்று முதல் பிள்ளைக்காரிக்குக் கற்றுக்கொடுக்க அவளுக்கு எங்கே நேரம்? பக்கத்துக் கட்டில் பாட்டிதான் சொல்லிக்கொடுத்தார்.

பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளர், தானும் நர்ஸாக இருந்தவர், 2002-ல் அறுவை நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் கூடுகிறது என்று கண்டார். நர்ஸ் எண்ணிக்கை என்பது சம்பளச் செலவு மட்டும் இல்லை, நோயாளி பிழைப்பதும் அதில் இருக்கிறது.

சிதம்பரத்தையும் சொல்லியாக வேண்டும். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் கட்டணத்தை எதிர்த்து வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 ஜனவரியில் அரசு அதைச் சுகாதாரத் துறையில் சேர்த்து மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆக்கியது. ஏழைப் பிள்ளை படிக்கலாம் என்பது நியாயமான வெற்றி. ஆனால் எங்கள் மாவட்டத்தின் அரசுக் கல்லூரி ஆஸ்பத்திரி மாவட்டத் தலைநகர் கடலூரில் இல்லாமல் தெற்கு முனையில் அமைந்ததும் அதோடு சேர்ந்து முடிவானது. 2025 ஜூலை 8 காலை, செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் போனார்கள். அடிபட்டவர்களை முதலில் கடலூர் தலைமை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். ஜிப்மருக்கும் போக நேர்ந்தது. அப்படி ஒரு காலையில் வார்டை விட்டு அவசரப் பிரிவுக்கு ஓட எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

நான் கேட்பது பெரிதில்லை. பி.எச்.சி.க்கு ஐந்து நர்ஸ் போடுங்கள். 168-ஐ ஐந்தால் வகுத்தால் 34 மணிக்குக் கீழே, லீவுக்கும் இடம் இருக்கும், ராத்திரி சில நாளாவது ரெண்டு பேர் இருக்கலாம். பிக்மி ஏற்ற ஒவ்வொரு பி.எச்.சி.யிலும் தனி ஆள் போடுங்கள். தாய் இறப்பு விசாரணையில், அனுப்பியிருக்க வேண்டாத கேஸ் எத்தனை என்பதையும் எழுதுங்கள். புதிதாக ஒரு திட்டம் அறிவிக்கும்போது, இதை எந்த நர்ஸ் எந்த நேரத்தில் செய்வாள், அதற்காக அவளிடமிருந்து எந்தப் பழைய வேலையை எடுக்கிறோம் என்று அரசாணையிலேயே ஒரு பத்தி இருக்கட்டும். அந்தப் பத்தியை எழுத உட்காரும் அதிகாரி, எழுதுவதற்கு முன் எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.