மோட்டார் ஏன் எரிகிறது?

கிணற்றில் நீர் இருக்கிறது. வயலில் பயிர் வாடுகிறது. நடுவே மோட்டார் எரிந்து கிடக்கிறது. இத்தகைய நாளைக் காணாத விவசாயி நம் அங்கத்தினர்களில் அரியர். விசைத்தறி வைத்திருப்போரும் இதற்கு விலக்கல்லர். “கரண்ட் குறைவாகத்தானே வந்தது? குறைந்த கரண்டில் காயில் எப்படி எரியும்?” என்று அவர்கள் கேட்பது நியாயமே. விடை கூறுமுன், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவைச் சிறிது காண்போம்.

1820-ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்துப் பேராசிரியர் எர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே இருந்த காந்த ஊசி திசை மாறுவதைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பி தன்னைச் சுற்றிக் காந்த சக்தியைப் பரப்புகிறது என்பது அதனால் விளங்கிற்று. தாரில் ஊடை நூலைச் சுற்றுவதுபோல் அக்கம்பியைப் பல சுற்றுச் சுற்றினால் அச்சக்தி பெருகும். நடுவே இரும்பை வைத்தால் பன்மடங்காகும்.

இதன் மறுபுறத்தை 1831-இல் லண்டனில் மைக்கேல் பாரடே கண்டார். இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் இரண்டு சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தைச் செலுத்தினார். அதனோடு கம்பித் தொடர்பே இல்லாத மற்றச் சுருளில் மின்னோட்டம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. நிறுத்தியபோது மறுபடியும் ஒரு கணம் தோன்றிற்று. காந்தம் மாறாதிருக்கும்வரை ஒன்றும் நிகழாது. மாறும்போதே மின்சாரம் பிறக்கும். விரைந்து மாறினால் மிகுதியாகப் பிறக்கும். இதை மட்டும் அங்கத்தினர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறோம். மோட்டார் ஓடுவதும் எரிவதும் இதற்குள் அடக்கம்.

மோட்டாரின் வெளிக்கூட்டில் மூன்று பேஸுக்கும் தனித்தனிச் சுருள்கள் உள்ளன. அவற்றில் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால் கூட்டினுள் காந்த சக்தி சுழல்கிறது. நான்கு துருவ மோட்டாரில் அதன் வேகம் நிமிஷத்துக்கு 1,500 சுற்று. நடுவேயுள்ள ரோட்டாருக்குக் கம்பித் தொடர்பு கிடையாது. சுழலும் காந்தம் கடந்து செல்லும்போது, பாரடே கண்டபடி, ரோட்டாரின் சட்டங்களில் மின்சாரம் பிறக்கிறது. அதனால் தானும் காந்தமாகி, முன்செல்லும் காந்தத்தைத் துரத்தி ஓடுகிறது. ஆனால் எட்டிப் பிடிப்பதில்லை. பிடித்துவிட்டால் மின்சாரம் பிறவாது, இழுவிசையும் இராது. மோட்டாரின் தகட்டில் 1,440 என்பதுபோல் சற்றுக் குறைந்த எண் பொறித்திருப்பது இதனாலேயே.

இனி, வோல்டேஜ் நூற்றுக்கு எண்பதாகக் குறைகிறது என்று கொள்வோம். இழுவிசையோ எண்பதாக நிற்பதில்லை, 64-க்கு இறங்கிவிடும். தூக்கவேண்டிய நீரின் உயரம் குறையவில்லை. ரோட்டார் பின்தங்குகிறது. பின்தங்கப் பின்தங்க, காந்தம் அதை விரைந்து கடக்கிறது. ரோட்டாரில் மின்சாரம் மிகுதியாகப் பிறக்கிறது. அதற்கு ஈடாக வெளிச்சுருளும் லைனிலிருந்து மிகுதியாக இழுக்கிறது. மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. கம்பியின் மேலுள்ள காப்பு கருகிவிடுகிறது. ஆகவே, குறைந்தது மின் அழுத்தம். ஓடிய மின்னோட்டமோ கூடிற்று. இரண்டையும் ‘கரண்ட்’ என்ற ஒரே சொல்லால் நாம் வழங்குவதே குழப்பத்துக்கெல்லாம் காரணம்.

ஒரு பேஸ் அற்றுப்போவது இதனினும் கொடியது. எஞ்சிய இரண்டைக் கொண்டு நின்ற மோட்டாரைக் கிளப்ப முயன்றால், காந்தம் சுழலாமல் நின்ற இடத்திலேயே துடிக்கும். மோட்டார் உறுமும், ஓடாது. அப்போது அது இழுக்கும் மின்னோட்டம் வழக்கமானதைப்போல் பல மடங்கு. விசைத்தறி எதிலேனும் சிக்கி இறுகி, மோட்டார் நின்றுபோனாலும் இதே கதைதான். சில நிமிஷங்களில் காயில் போய்விடும்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைப் போடுவோரும், ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ரிலே விழாதபடி கட்டிவைப்போரும் உண்டு. ஒருகாலத்தில் நாமும் அவ்வாறு செய்து, காயில் கட்டக் கூலி கொடுத்தவர்களே. ஆதலால் பிறரைக் குறை கூறத் துணியவில்லை.

மோட்டார் எரிந்தே போயிற்றென்றால், கடையில் அதைத் திறக்கும்போது உடன் நின்று பார்ப்பது நலம். சுருள்கள் யாவும் ஒரே சீராகக் கருகியிருந்தால், பாரம் மிகுந்ததோ வோல்டேஜ் குறைந்ததோ காரணமாகலாம். ஒரு பேஸின் சுருள்களோ இரு பேஸின் சுருள்களோ மட்டும் கருகி, மற்றவை புதிதுபோல் இருந்தால், லைனில் ஒரு பேஸ் போயிருக்கக்கூடும். அப்படியாயின் புதுக் காயில் கட்டியதோடு நில்லாது, பேஸ் தவறினால் தானே நிறுத்தும் கருவியையும் பொருத்தித் தருமாறு கேட்க வேண்டும்.