காடு கொண்ட பதவியா: நீரும் வணிகமும் உழைப்பும்

காடு என்றதும் மனிதக் கைபடாத ஆதி இயற்கையை எண்ணுவது எமது வழக்கம். ஈழத்தின் வரண்ட வலயக் காடுகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்துவதன்று. அவற்றுட் பல, ஒரு சமூகவமைப்புச் சிதைந்தபின் அதன்மேல் வளர்ந்தவை. வரலாற்றுக்கு முற்பட்ட வெறுமையாகவன்றி, வரலாற்றின் விளைபொருளாகவே அவை நோக்கப்படவேண்டும். வடமாகாணமும் வடமத்திய மாகாணமும் சந்திக்கும் எல்லையருகே அமைந்த பதவியா இதற்குத் தக்க சான்றாகும்.

பதவியாவின் அடித்தளம் குளமாகும். கொக்கிளாய்க் கடனீரேரியை நோக்கிப் பாயும் மா ஓயாவை மறித்து இப்பெருங்குளம் அமைக்கப்பட்டது. 1859இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் தெனன்ற், உடைந்து காடு மண்டிக்கிடந்த இதன் அணைக்கட்டை வியந்து விவரித்துள்ளார். அதனைக் கட்டிமுடிக்கப் பதினாயிரம் பேர் ஐந்தாண்டுகள் உழைத்திருத்தல் வேண்டுமென்ற கணிப்பும் அந்நூலில் இடம்பெறுகின்றது. அளவைகள் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயின் இத்தகைய உழைப்பை ஒருங்குதிரட்டும் வல்லமையும் அதற்குச் சோறிடும் உபரியும் அச்சமூகத்தில் இருந்தன என்பதில் ஐயமில்லை.

இவ்வுபரியே வணிகரை இங்கு ஈர்த்தது எனலாம். 993ஆம் ஆண்டளவிற் சோழர் இராசரட்டையிற் புகுந்தபின், பதவியாவிலே முதலாம் இராசராசனின் விருதுப்பெயர் தாங்கிய இரவிகுலமாணிக்க ஈசுவரம் என்னும் சிவன்கோயில் விளங்கிற்று. 1070இற் சோழராட்சி அகன்றது, வணிகர் அகலவில்லை. அண்மையிலுள்ள வாகல்கடவிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, காட்டனேரி என்னும் ஊருக்கு நானாதேசி வீரபட்டினம் என்னும் பெயர் வழங்கியதைக் காட்டுகின்றது. ஏரியின் பெயர் கொண்ட ஊர் வணிகரின் பட்டினமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. பதவியாவின் மற்றொரு சாசனம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கிரந்த எழுத்திலமைந்த அச்சமஸ்கிருதச் சாசனம், லோகநாதன் என்னும் படைத்தலைவன் எடுப்பித்த பௌத்த விகாரையொன்று வேளைக்காரரின் பெயராலே வழங்கி அவர்தம் காவலில் விடப்பட்டதைக் கூறுகின்றது. சிவன்கோயிலும் பௌத்த விகாரையும் ஒரே நீரை நம்பிய ஊரில் நிலவின.

இவ்வுள்நாட்டுச் சந்தைகள் துறைமுகங்களின்றி இயங்கியிருக்க முடியாது. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்ச் சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசியருக்குக் காவல் அளிக்க ஆணையிடுகின்றது. யானையும் குதிரையும் கொணரும் மரக்கலம் உடைந்தாற் காற்பங்கு அரச பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும் உரியன. ஏனைய சரக்காயின் பாதி பாதியாகப் பகிரப்படும். ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. அரசின் நலனும் வணிகரின் நலனும் பிணைந்திருந்தமைக்கு இதனினுந் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய ஊர் ஏன் கைவிடப்பட்டது? 1215இல் நிகழ்ந்த மாகனின் படையெடுப்பைத் தனிக்காரணமாக்குவோர் உளர். மலேரியாவைச் சுட்டுவோரும் உளர். கா. இந்திரபாலா பதிப்பித்த இராசரட்டை வீழ்ச்சி பற்றிய கட்டுரைத்தொகுதி (1971) இவ்விவாதத்தைப் பரந்த தளத்தில் வைத்தது. எமது நோக்கில், குளத்தைப் பேணிய உழைப்பொழுங்கு குலைந்தமையே மையமானது. கரை ஒருமுறை உடைவது விபத்து. உடைந்த கரையைக் கட்ட ஆளின்றிப் போவது சமூக நிகழ்வு. தேங்கிய நீர் நுளம்புக்கு இடமளிக்க, நோய் எஞ்சியோரையும் விரட்ட, வயல் காடாயிற்று.

இது பழங்கதை மாத்திரமன்று. நயினாதீவுச் சாசனம் பேசும் துறையை அண்டிய சுருவில், சரவணை, நாரந்தனை முதலாய ஊர்களிலிருந்து 1990–91இல் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது, வளவுகளிற் பற்றையும் வடலியும் படர்ந்தன, வேலிகள் மறைந்தன. உழைக்கும் கை அகன்றால் ஊர் காடாவதற்கு நூற்றாண்டுகள் வேண்டுவதில்லை.

1950களிற் பதவியாக் குளம் புனரமைக்கப்பட்டுக் குடியேற்றத்திட்டம் உருவாயிற்று. திருகோணமலையிற் பிரித்தானியக் கடற்படைத்தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரை அங்கு குடியமர்த்தும் யோசனை எழுந்தபோது சிங்களத் தொழிலாளர் நிலத்தைக் கைப்பற்றினர். 1958இன் இனக்கலவரத்திற் பதவியாவின் பெயரும் அடிபட்டது. வேலையிழந்தவனும் நிலமற்றவனும் ஒரே காணிக்காக மோதவிடப்பட்டனர். 1984 முதல் இவ்வெல்லையோரக் கிராமங்களில் தமிழரும் சிங்களவரும் கொலையுண்டனர். பல வயல்கள் மீண்டும் காடாயின.

பதவியாவின் கற்களை இன்று ஒருவர் தமிழரின் உரிமைப்பத்திரமாகவும் மற்றவர் சிங்களவரின் உரிமைப்பத்திரமாகவும் வாசிக்கின்றனர். இரு வாசிப்புகளும் அரசனையும் கொடையாளியையுமே காண்கின்றன. மண் சுமந்தவனைக் காண்பதில்லை. அவன் பெயரை எச்சாசனமும் பொறிக்கவில்லை. அவன் எம்மொழி பேசினான் என்பதற்கும் அணைக்கட்டிற் சான்றில்லை. ஆயினும் அவன் உழைப்பே அங்கு எல்லாவற்றிற்கும் முந்தியது. அவனிடமிருந்து தொடங்கும் ஆய்வே, அக்காட்டை எவருக்கும் சொந்தமற்ற வெற்றுநிலமாகவோ ஓரினத்தின் தனிச்சொத்தாகவோ காட்டும் பொய்களிலிருந்து விடுவிக்கும்.