புளுவொக்செற்றின்: மனச்சோர்வுக்கான மருந்தும் அதன் பாதுகாப்பான பயன்பாடும்

மாணவர்களே, மனச்சோர்வு என்பது சோம்பலோ மனவுறுதிக் குறைவோ அன்று. அது சிகிச்சையளிக்கக்கூடிய ஒரு நோயாகும். இரண்டு வாரங்களுக்கு மேல் தொடரும் கவலை, எதிலும் நாட்டமின்மை, நித்திரையிலும் பசியிலும் மாற்றம் என்பன அதன் முக்கிய அறிகுறிகளாகும். இந்நோய்க்கு வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் மருந்துகளுள் ஒன்று புளுவொக்செற்றின். இது 1987 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது.

செயற்படும் விதம்

மூளையின் நரம்புக்கலங்களுக்கிடையே செய்திகளைக் கடத்தும் பதார்த்தங்களுள் ஒன்று செரட்டோனின். ஒரு கலம் வெளிவிடும் செரட்டோனினின் பெரும்பகுதியை அக்கலமே மீள உள்ளெடுக்கும். புளுவொக்செற்றின் இதனைத் தடுப்பதால், கலங்களுக்கிடையே செரட்டோனின் கூடுதலாகத் தங்குகின்றது. எனினும் "செரட்டோனின் குறைவே மனச்சோர்வுக்குக் காரணம்" என விடை எழுத வேண்டாம். பரம்பரை, இழப்பு, நெருக்கீடு, உடல்நோய் எனக் காரணிகள் பல.

பரசிற்றமோல் சிறிது நேரத்தில் காய்ச்சலைத் தணிக்கும். இம்மருந்து அவ்வாறன்று. மனநிலை தேறப் பல வாரங்கள் செல்லும். பலர் தவறு விடுவது இந்த இடைக்காலத்திலேயே.

கவனிக்க வேண்டியவை

1. வைத்தியர் குறித்த அளவையே நாள்தோறும் எடுத்தல்.
2. ஆரம்பத்தில் குமட்டல், தலையிடி, நித்திரையின்மை ஏற்படலாம். பெரும்பாலும் இவை நாளடைவில் குறையும்.
3. முதல் வாரங்களில், சிறப்பாக இளவயதினரிடம், பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால் அவரைத் தனியே விடாது உடனே வைத்தியரிடம் காட்டுதல்.
4. எடுக்கும் ஏனைய மருந்துகள் அனைத்தையும் வைத்தியருக்குக் கூறுதல். மதுபானத்தைத் தவிர்த்தல்.
5. ஒருவரின் மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்காதிருத்தல்.

மாதிரி வினா

மூன்று மாதங்கள் மருந்தெடுத்த ஒருவர், "இப்போது சுகம்" எனக் கூறித் தானாகவே நிறுத்திவிட்டார். இது ஏன் பிழையானது?

விடை: சுகம் தெரிந்த பின்னரும் பொதுவாக ஆறு மாதங்களாவது மருந்தைத் தொடர வேண்டும். இடையில் நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். சடுதியாக நிறுத்தும்போது தலைச்சுற்று, எரிச்சல், நித்திரைக் குழப்பம் போன்றனவும் தோன்றலாம். எனவே நிறுத்தும் காலத்தையும் அளவைக் குறைக்கும் முறையையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

மாணவர்களே, இப்பாடம் பரீட்சைக்கு மாத்திரமன்று. உங்களுக்கோ உங்கள் வீட்டிலுள்ள ஒருவருக்கோ மேற்கூறிய அறிகுறிகள் இருப்பின் மறைக்க வேண்டாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கூறுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.